ஐடியேஷனும் நான்காம் மாடியும்

19 ஜூன் 2023, திங்கட்கிழமை, முற்பகல்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நானும் தங்கள் அக்காவும் நலம். அவளுடைய முழங்கால்கள் மட்டும் அதில் சேரவில்லை. அங்கு அனைவரும் நலமாயிருக்க விழைகிறேன். நெடுங்காலம் ஆங்கிலம் போதித்தவர் நீங்கள் என்பதால் ஓர் ஐயம் கேட்கிறேன். 'ஐடியேஷன்' என்பதன் முழுப் பொருள் யாது? எண்ணங்களை உருவாக்குதல் என்று சொல்லி அகராதி நிறுத்திக்கொள்கிறது. உருவாக்கிய பிறகு அவற்றை என்ன செய்வது என்று அதில் இல்லை.

காரணம் இதுதான். எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் மே 27, சனிக்கிழமை நின்றது. அன்றிலிருந்து தங்கள் அக்கா நான்காம் மாடியை விட்டு இறங்கவில்லை. "இதுக்கு ஒரு வழி பண்ணலேன்னா நான் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். அங்க படியே கிடையாது" என்று சொல்லிவிட்டாள். எனக்கோ வெந்நீர் வைக்கவும் தெரியாது. ஆயினும், இறங்க முடியாதவள் எப்படிப் போவாள் என்ற துணிவில் இருந்தேன்.

நேற்று, ஞாயிறு, சங்கச் செயலாளர் லிஃப்டுக்காகவே 'ஐடியேஷன் கூட்டம்' கூட்டினார். ஆளுக்கொரு கட்டு மஞ்சள் ஒட்டுச்சீட்டு தரப்பட்டது. 'மெக்கானிக்கை அழைக்கவும்' என்று எழுதி முதல் ஆளாகச் சுவரில் ஒட்டினேன். செயலாளர் அதை நோகாமல் பிய்த்து என் கையிலேயே கொடுத்தார். "ஐயா, இது தீர்வு. இன்னிக்கு ஐடியேட் மட்டும்தான் பண்றோம். தீர்வு அடுத்த கட்டம்." "அது எப்போ?" "அதையும் ஐடியேட் பண்ணணும்ல!" எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், ஆனால் ஆர்வம் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த இரண்டாம் மாடி டாக்டரம்மா காதோடு சொன்னார்: "எங்க ஆஸ்பத்திரியிலயும் இந்த வார்த்தை உண்டு சார். விபரீதமான எண்ணம் யாருக்காவது வருதுன்னா அப்படி எழுதுவோம். நாங்க பயப்படுவோம், இவங்க கை தட்டுறாங்க." ஒரே சொல்லுக்கு ஓரிடத்தில் கவலை, ஓரிடத்தில் கைதட்டல்! வியந்துகொண்டே நானும் எழுதலானேன். நான்காம் மாடிக்குத் தரைத்தளம் என்று பெயர் சூட்டலாம். படிக்கு ஒரு சாய்வு நாற்காலி வீதம் போடலாம். எடையைக் குறைக்க நினைவுகளைக் கீழேயே விட்டுவிட்டு ஏறலாம். எந்த யோசனையையும் மறுக்கக் கூடாதென்பது விதியாதலால் யாரும் மறுக்கவில்லை. 'சிறந்த ஐடியேட்டர்' என்று ஒரு பிளாஸ்டிக் கோப்பை கொடுத்தார்கள். மூச்சிரைக்க அதைச் சுமந்து மேலே வந்தேன்.

"லிஃப்ட் என்னாச்சு?" என்றாள்.

"அது அடுத்த கட்டம்."

கோப்பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மெக்கானிக் நம்பர் யார்கிட்ட இருக்குங்க?"

"செயலாளர்கிட்ட. ஆனா அது தீர்வாச்சே" என்று பொறுமையாக விளக்கினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். புரிந்துகொண்டாள் என்றே கருதுகிறேன். ஆகவே அவள் அங்கு வருவாளோ என்று தாங்கள் அறையை ஒழிக்க வேண்டாம். சொல்லின் பொருளை மட்டும் அவசரமின்றி எழுதுங்கள்.

தங்கள் மனைவிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் எல்லா நலனும் பெற்று வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்

பி.கு.: இதற்குத் தபால்தலை ஒட்டவில்லை; தங்கள் அக்காவே கொண்டுவருகிறாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கையில் அவள் செயலாளரிடம் நம்பர் வாங்கி மெக்கானிக்குக்குப் போன் செய்திருக்கிறாள். வந்தார், ஏதோ ஒரு ஒயரை மாற்றினார், லிஃப்ட் ஓடுகிறது. "அதான் சரியாயிடுச்சே, அப்புறம் ஏன் போறே?" என்றேன். "லிஃப்ட்தாங்க சரியாச்சு" என்கிறாள், பெட்டியை மூடியபடி. சொல்லுக்குப் பொருள் வேண்டாம். அவள் திரும்பி வர நான் செய்ய வேண்டியதை மட்டும் உடனே எழுதுங்கள், யோசனையாக வேண்டாம்.