ஸ்வீடனும் பஹ்ரைனும் இடம் மாறிய ஞாயிறு

எதைப் பார்த்தாலும் உடனே காரணம் சொல்லிவிடும் வியாதி எனக்கு உண்டு. காரணம் சரியா என்பது வேறு விஷயம்.

அப்போது ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் தற்காலிக வேலை. பெட்ரோல், நிலக்கரி என்று பூமியைச் சூடாக்கும் சமாச்சாரங்களின் மேல் எந்த நாடு எவ்வளவு வரி வசூலிக்கிறது என்று அட்டவணை போடுவேன். (வீட்டில் "சீனு டாக்ஸ் ஆபீஸ்ல இருக்கான்" என்று சொல்லிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.) ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாட்டுங்கா தமிழர்களுக்கு அதை விளக்கிப் பேச வேண்டும். மேலாளர் கல்யாணி மேடத்துக்குப் பேச்சு பிடித்தால் வேலை நிரந்தரம். மனைவி வித்யா புதுப் புடவை கட்டிக்கொண்டு முன்னதாகவே போய் உட்கார்ந்துவிட்டாள்.

முலுண்டில் ரயில் ஏறியதும் மேடம் போன் செய்தார். "சீனு, நாடுகளை ஏ, பி, சி, டி வரிசையில போட்டுடுங்கோ. ஜனங்களுக்குத் தேட ஈஸியா இருக்கும்."

அதுவரை ஸ்வீடன் மாதிரி அதிகம் வசூலிக்கும் நாடு மேலே, பஹ்ரைன் மாதிரி குறைவாக வசூலிப்பது கீழே என்று இருந்த பட்டியல் அது. மடியில் லேப்டாப்பைத் திறந்து, பெயர்களை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினேன். அது ஏதோ கேள்வி கேட்டது. படிக்காமல் ஓகே கொடுத்தேன். பெயர்கள் எல்லாம் நகர்ந்தன. எண்கள் இருந்த இடத்திலேயே இருந்ததை நான் கவனிக்கவில்லை. காட்கோபர் வருவதற்குள் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

அரங்கத்தில் பேச எழுந்தபோதுதான் பார்த்தேன், திரையில் பஹ்ரைனுக்கு எதிரே பெரிய எண். ஸ்வீடனுக்கு எதிரே சுண்டைக்காய் எண். எனக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் வியாதி சும்மா இருக்குமா?

"ஸ்வீடன்காரர்கள் திருந்திவிட்டார்கள். புகையே இல்லாதபோது வரி எங்கிருந்து வரும்? பஹ்ரைனில் எண்ணெய் எடுத்து எடுத்து மனசாட்சி உறுத்துகிறது. அதனால் அள்ளிக் கட்டுகிறார்கள்!"

கைதட்டல். வித்யா பெருமையோடு சுற்றிப் பார்த்தாள்.

பின்வரிசையில் தாராவி மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் எழுந்தார். "தம்பி, நான் பஹ்ரைன்ல பல வருசம் வண்டி ஓட்டுனவன். மனசாட்சி உறுத்தி எவனும் வரி கட்டி நான் பாக்கலயே. நீங்க எந்த பஹ்ரைனச் சொல்லுதிய?"

அப்போதாவது ஒத்துக்கொண்டிருக்கலாம். "நீங்கள் திரும்பி வந்த பிறகு மாறியிருக்கும், அண்ணாச்சி" என்றேன்.

"எம் மவன் இப்பமும் அங்கதான இருக்கான். போன மாசங்கூடப் போயிட்டு வந்தேம்லா!"

அரங்கமே சிரித்தது. மேடம் கைப்பையிலிருந்து பழைய பட்டியலை எடுத்துத் திரையோடு ஒப்பிட்டார். என் காது இரண்டும் கொதித்தன. அப்படியே தாதர் பக்கம் ஓடிவிடலாமா என்றிருந்தது.

கூட்டம் கலைந்ததும் மேடம் அருகில் வந்தார். "தப்பு யாருக்கும் வரும், சீனு. ஆனா நீங்க சொன்ன காரணம் அவ்வளவு நன்னா இருந்தது. அதுதான் பயமா இருக்கு."

வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. வித்யா வீட்டுக்குப் போகும் வழியிலேயே புதிய வினைச்சொல் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் எதையாவது அளக்க ஆரம்பித்தால் "பஹ்ரைன் பண்ணாதீங்கோ" என்பாள்.

போன வாரம் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தோம். கணக்கில் ஏன் மதிப்பெண் குறைந்தது என்று ஆசிரியை கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாடத்திட்டத்துல பாருங்க..." என்று தொடங்கினேன்.

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, அம்மாவின் வினைச்சொல்லை இந்தியில் சொன்னாள். "அப்பா, பஹ்ரைன் மத் கரோ. நான் படிக்கல."