பசுமை ஹைட்ரஜனும் ‘ஆனால்’ சாரும்

காற்றைக் குறுக்கு விசாரணை செய்த வக்கீல் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் கேரள எல்லையிலுள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறையில்தான் இருந்தார்.

நான் கோப்பு பார்த்த ஹைட்ரஜன் கம்பெனியில் அவர் சட்ட அதிகாரி. எதைக் கேட்டாலும் “செய்யலாமுங்க, ஆனால்...” என்று இழுப்பார். அதனால் ‘ஆனால்’ சார். உண்மையான பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது எங்கள் தொழில். மின்சாரம் பொள்ளாச்சிப் பக்கக் காற்றாலைகளிலிருந்து வந்தால்தான் அது ‘பசுமை’. நிலக்கரி மின்சாரம் கலந்தால் சட்டப்படி அந்தப் பெயர் போய்விடும்.

“காத்து நம்ம கேரளாவுலிருந்து போகுது, கரண்டா தமிழ்நாட்டுலிருந்து திரும்பி வருது. அப்ப அது யாரு சரக்குங்க?” என்று ஒருநாள் ‘ஆனால்’ சார் மானேஜரைக் கேட்டார்.

“மூச்சு விடறதுக்கும் லைசென்ஸ் வாங்கணுமா சார்?”

“கம்பெனிக்குள்ள விட்டா, பார்க்கோணுமுங்க.”

சோதனை ஓட்ட வாரத்தில் ஒரு காலை, குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். ‘ஆனால்’ சாரிடமிருந்து போன்.

“ஏனுங்க அம்மணி, உங்க ஊட்டுக் கொடியில துணி ஆடுதுங்களா?”

“ஆடலீங்க சார்.”

“பாப்பா சட்டையாச்சும்?”

“அதுவும் சும்மா தொங்குதுங்க.”

“சரிங்க. நீங்கதான் சாட்சி.”

குழந்தையின் சட்டையைக் கோர்ட்டில் கேட்பார்களோ என்று பயந்து, அதை எடுத்து மடித்து அலமாரிக்குள் வைத்தேன். மறுநாளும் காற்றில்லை. காற்றாலைக் கணக்கும் அதையே சொன்னது. இயந்திரமோ நிலக்கரி கலந்த ஊர் மின்சாரத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

வாரம் முழுவதற்கும் ‘பசுமை’ என்று கையெழுத்திட்டால்தான் சரக்கு வாங்குபவர் ஒப்பந்தம் போடுவார். இல்லாவிட்டால் எல்லோருக்கும் வேலை போகும்.

“ரெண்டு நாள்தானே சார்? ஹைட்ரஜனுக்குக் கலரா இருக்கு, யாராவது கண்டுபிடிக்க?” என்றார் மானேஜர்.

“நமக்குத் தெரியுமுங்களே.”

மானேஜர் தாளை என் பக்கம் தள்ளினார். “அப்ப நீங்க போடுங்கம்மா. கோப்பு உங்ககிட்டதானே இருக்கு?”

நடந்து போகிற தூரத்தில், குழந்தை அழுதால் ஓடிவிடக்கூடிய இடத்தில், இன்னொரு வேலை எனக்கு எங்கே கிடைக்கும்? பேனாவை எடுத்துவிட்டேன்.

‘ஆனால்’ சார் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “பாப்பா தேடுமுங்க அம்மணி. ஊட்டுக்குப் போங்க.”

மறுநாள் காலை போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த இரண்டு நாள் சரக்கு பசுமை இல்லை என்று தன் பெயரில், தன் கையெழுத்தில், வாங்குபவருக்கு அவரே எழுதி அனுப்பியிருந்தார். ஒப்பந்தம் போயிற்று. கம்பெனி பூட்டப்பட்டது. ஊரே அவரைத் திட்டியது. நானும் திட்டினேன். சட்டத்துக்காகச் செய்தாரா, என் கையில் பேனாவைப் பார்த்ததால் செய்தாரா? இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அவர் குறுக்கே வராமல் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேனா என்பதும் தெரியவில்லை.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். பொள்ளாச்சி பஸ்ஸுக்குக் காத்திருந்தார்.

“பாப்பா நல்லா சாப்புடுதுங்களா அம்மணி?”

“சாப்புடுதுங்க. பொள்ளாச்சியில வேலை கெடச்சிருச்சுங்களா சார்?”

“ஒருத்தரும் கூப்புடலீங்க. நானாத்தான் கேட்டுப் போறனுங்க.”

பொள்ளாச்சி பஸ் வந்து நின்றது. அவரைக் கேட்பதற்கென்று எத்தனையோ கோபமான கேள்விகள் சேர்த்து வைத்திருந்தேன்.

“சாப்புட்டுப்போட்டு அடுத்த பஸ்ஸுல போலாமுங்க சார்” என்று அவர் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.