மன்னிப்புக் கேட்ட டச்சுக்காரர்

பழவேற்காட்டில் வெள்ளைத் தோலோடு யார் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் அவர் டச்சுக்காரர்தான். அவர் பிரான்சிலிருந்து வந்திருக்கலாம், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருக்கலாம். அது அவருடைய பிரச்சினை. டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு வார்த்தை கேட்காமல் கல்லறை இருக்கும் பக்கம் கையைக் காட்டிவிடுவார். (“தாத்தாவப் பாக்க வந்துகிறான், பாவம்.”) எங்கள் ஊரில் கோட்டை கட்டியவன், துணி வாங்கியவன், வெடிமருந்து அரைத்தவன், கடைசியில் செத்துப் புதைந்தவன் எல்லாம் டச்சுக்காரன். அதற்குப் பிறகு வந்து நாட்டையே ஆண்டவர்களை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த அறியாமை ஊருக்கே பொது. ஆனால் அதை வைத்து ஒரு நல்ல சனிக்கிழமையைக் குட்டிச்சுவராக்கிய பெருமை எனக்கு மட்டும்தான் உண்டு.

அப்போது நான் பொன்னேரியில் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, ஏரிக்கரைக் குப்பத்தில் வீட்டோடு இருந்தேன். குப்பத்திலேயே முதல் பட்டதாரிப் பெண். அந்தத் தலைக்கனம் சாதாரணமானது அல்ல. இறால் உரிக்க உட்கார்ந்தால் பாதியில் நிறுத்தி, மேல்நாட்டு வாணிபம் பற்றி அம்மாவுக்கு வகுப்பு எடுப்பேன். (அம்மா உரித்துக்கொண்டே இருப்பாள். என் பங்கையும் சேர்த்து.) சென்னைக்குப் போய் எம்.ஏ. படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நைனாவின் ஆசையோ லைட்ஹவுஸ் குப்பத்தில் இருந்தது. அங்கே சொந்தமாக ஃபைபர் போட் வைத்திருந்த ஒரு மாப்பிள்ளை. நல்ல பையன் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அவனைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் போட்டைப் பற்றித்தான் பேசினார்கள்.

“படிச்சது போதாதா? இந்தப் படிப்ப வச்சிகினு இன்னா பண்ணப் போற? அத்தச் சொல்லு மொதல்ல” என்று நைனா தினமும் கேட்பார். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுப்பேன், பிறகு எழுந்து சாப்பிடுவேன்.

இந்த நிலைமையில்தான் மர்டோ வந்தார். வயதானவர், நல்ல உயரம், காற்றும் வெயிலும் பட்டுச் சிவந்த முகம், கழுத்தில் ஒரு பைனாகுலர். எங்கள் குப்பத்துக்கே நடந்து வந்து, கரையில் நின்று ஏரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நைனா என்னைக் கூப்பிட்டார். “டச்சுக்காரன் ஒர்த்தன் வந்துகிறான். போய் இங்கிலீஷ்ல பேசு. எவ்ளோ படிச்சிகிறன்னு நானும் பாக்கறேன். ஒழுங்கா ஊரச் சுத்திக் காட்டி அனுப்பு, அப்புறம் மெட்ராஸப் பத்திப் பேசலாம்.”

இதைவிட வேறென்ன வேண்டும்? ஓடினேன். பெயர் மர்டோ என்றார். ஒரு தீவிலிருந்து வருவதாகச் சொன்னார். அவர் பேசிய இங்கிலீஷ் நான் கல்லூரியில் கேட்ட இங்கிலீஷ் மாதிரியே இல்லை, பாட்டுப் பாடுவது போல ஏறி இறங்கியது. பாவம், டச்சுக்காரருக்கு இங்கிலீஷ் சரியாக வரவில்லை என்று பெரிய மனதோடு மன்னித்துவிட்டேன். எந்த நாடு என்று கேட்கவே இல்லை. தெரிந்த விஷயத்தை எதற்குக் கேட்க வேண்டும்?

பூநாரை பார்க்க வந்ததாகச் சொன்னார். “அதெல்லாம் அப்புறம்” என்று நேராகக் கல்லறைக்குக் கூட்டிப் போனேன்.

அந்தக் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் உண்டு. சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தாண்டி ஓடுவோம். அன்று நான் அங்கே நின்று, படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். உங்கள் ஆட்கள் எங்கள் நெசவாளர்களிடம் துணி வாங்கினார்கள், சரி. பஞ்சத்தில் அடிபட்ட சனங்களை விலைக்கு வாங்கி, கப்பலில் ஏற்றி, கண்காணாத தேசத்துக்கு அடிமையாக அனுப்பினார்களே, அது என்ன நியாயம்? அந்தச் சனங்களுக்குக் கல்லறை எங்கே? உங்கள் தாத்தாக்களுக்கு மட்டும் இவ்வளவு பூவேலை செய்த கல்லா? ஒவ்வொரு கேள்விக்கும் விரலை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். ஒரு கல்லைக் காட்டி, இவர் உங்களுக்கு என்ன உறவு என்றுகூட அதட்டினேன். (அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கும் தெரியாது.)

மர்டோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சுள்ளென்ற வெயிலில் நின்று கேட்டார். நடுவில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் விட்டால்தானே? கடைசியில், “பெரிய கொடுமை. மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. டச்சுக்காரனையே மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டேன்! திரும்பி வரும் வழியில் எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் இதைத் தமிழில் அறிவித்துக்கொண்டே வந்தேன். காசிம் பாய் சைக்கிளை நிறுத்தினார். டவுனில் பழைய வியாபாரக் குடும்பம் அவருடையது, குப்பத்துக்கு இறால் எடுக்க வருவார். இளவயதில் கப்பலில் வேலை செய்து ஊர் ஊராகப் பார்த்தவர்.

“மன்னிப்புக் கேட்டாரா? எந்த ஊர்க்காரரு மா?”

“டச்சு, பாய்.”

நான் அடுத்து வந்தவரிடம் அறிவிக்கப் போன நேரத்தில், பாய் மர்டோவோடு இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்துவிட்டுப் பெடலை மிதித்தார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது பூநாரை. அதற்கு முன் பாடு பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏரியில் மீன் நன்றாக விழும் இடத்துக்குப் பாடு என்று பெயர். யாருக்கு எந்த நாள் என்று கோயில் முன்னால் சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பார்கள். ஒருவர் முறையில் இன்னொருவர் வலை இறங்கக் கூடாது. அவர் வலையைச் சுற்றி இழுத்து முடிக்கும்வரை குறுக்கே படகும் போகக் கூடாது. ஒரு முறை கைவிட்டுப் போனால் அடுத்த முறைக்குக் காத்துக்கிடக்க வேண்டியதுதான். அன்று கோவிந்தண்ணன் முறை. குப்பத்தில் நண்டும் சிண்டும் அறிந்த சங்கதி, எனக்கும் தெரியும். ஆனால் டச்சுக்காரனைத் தலைகுனிய வைத்தவளுக்கு அந்த நேரத்தில் கண் மண் தெரியவில்லை.

நைனாவின் சின்னப் படகை எடுத்து, கழியை ஊன்றித் தள்ளினேன். “இது எங்கள் ஏரி. இங்கே எங்களைத் தடுக்க யாராலும் முடியாது” என்று மர்டோவிடம் கம்பீரமாகச் சொல்லி முடிக்கவில்லை, படகு எதிலோ மாட்டி நின்றது.

கோவிந்தண்ணன் வலை. அவரும் தம்பிகளும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வட்டத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மந்தையாக மடவை மீன். படகின் பாரத்தில் வலையின் மேல் விளிம்பு தண்ணீருக்குள் அமுங்கியது. மடவைக்குத் துள்ளச் சொல்லித்தர வேண்டுமா? அத்தனையும் எகிறிக் குதித்து வெளியே போனது. ஒன்று மட்டும் வழி தெரியாமல் மர்டோவின் மடியில் விழுந்தது. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்து, மரியாதையாக வலைக்குள் திரும்பப் போட்டார்.

கோவிந்தண்ணன் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் காலி வலையைப் பிடித்தபடி, “என் மொறை போச்சே வசந்தா” என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. நைனா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். படகில் நானும்தானே இருந்தேன் என்று மர்டோவும் கூடவே வந்துவிட்டார். ஊர்ப் பெரியவர் அவருக்கு நாற்காலி போடச் சொன்னார்.

“தொரை டச்சு தேசத்துலேந்து வந்துகிறாரு. அவுங்க ஊர்ல ஒர்த்தர் மொறையில இன்னொர்த்தர் பூந்துட்டா இன்னா பண்ணுவாங்க? கேட்டுச் சொல்லு மா.”

ஹாலந்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மர்டோ நிதானமாகச் சொன்னார்: “அது எனக்குத் தெரியாது. நான் ஹாலந்துக்குப் போனதே இல்லை.”

அங்கே இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற தைரியத்தில், “தெரியாதுன்றாரு” என்று முடித்துக்கொண்டேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து காசிம் பாய் குரல் வந்தது. “முழுசாச் சொல்லு மா. இன்னும் ஒரு வரி பாக்கி கீது.”

சொன்னேன். அதன் பிறகு மர்டோ பேசப் பேச, என் மானத்தை நானே வரி வரியாகத் தமிழில் ஏலம் விட வேண்டியிருந்தது. அவர் ஊர் ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடலில் வடக்கு யூயிஸ்ட் என்ற தீவு. நம் ஊர் போலவே பாதி தண்ணீர், பாதி மணல். காற்று அடிக்கிற அடியில் மரம் நிற்பதே அபூர்வம். வீட்டில் பேசுவது கேலிக் மொழி. அதைப் பேசினால் அடி விழும் என்ற பயத்தோடுதான் அவர் அம்மா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தாராம். முன்னோர்கள் காலத்தில், ஆடு மேய்க்க இடம் வேண்டும் என்று நிலத்துக்காரர் ஊர் ஊராகச் சனங்களைக் கிளப்பிவிட, அவர்கள் கப்பலேறிக் கண்காணாத தேசத்துக்குப் போனார்களாம்.

கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். “அப்ப காலைல கல்லறையில நிக்க வச்சி இந்த ஆளயா…?”

“இவரத்தான்” என்றார் காசிம் பாய், மிகுந்த திருப்தியோடு.

மர்டோ விடவில்லை. அவர் ஊரிலும் கடலோர நிலத்தைத் துண்டு போட்டு, சீட்டு எடுத்து, முறை மாற்றிப் பயிர் வைப்பார்களாம். ஒருவர் துண்டில் இன்னொருவர் மாடு மேய்ந்துவிட்டால், மாட்டுக்காரர் தன் விளைச்சலிலிருந்து ஈடு தர வேண்டுமாம். பெரியவர் தொடையைத் தட்டினார். “அப்டிப் போடு! இது நம்ம பாடு தான்யா!”

அதே நியாயப்படி தீர்ப்பு ஆனது. மறுநாள் எங்கள் முறை. அது கோவிந்தண்ணனுக்கு. எவ்வளவோ நாளாகக் காத்திருந்த முறை. நைனா என்னைப் பார்க்காமல், “நாயந்தான்” என்றார். வலை இழுக்க நான் வருகிறேன் என்று மர்டோ எழுந்தார். பிறகு நாளை ஞாயிறு என்று ஞாபகம் வந்து சங்கடத்தோடு உட்கார்ந்தார். அவர் தீவில் ஞாயிற்றுக்கிழமை சாமிக்கான நாள், வேலையே கூடாது, துவைத்த துணியைக்கூட வெளியே காயப் போட மாட்டார்களாம். (“நம்ம பூசாரியே தேவல” என்றார் ஒருவர்.) ஆகவே அவருக்குப் பதில் நான் இழுக்கப் போவதென்று முடிவானது.

ஞாயிறு காலை நான் சேற்றில் விழுந்து எழுந்து வலை இழுத்தேன். மர்டோ கரையில் உட்கார்ந்து பைனாகுலரில் பூநாரை பார்த்தார். பறவை பார்ப்பது வேலையில் சேராதாம். கோவிந்தண்ணனுக்கு மடவை நிறைய விழுந்தது. கரையேறியதும் மர்டோவிடம் கேட்டேன்: அப்போதே ஏன் சொல்லவில்லை?

“நீங்கள் மூச்சே விடவில்லையே” என்றார். பிறகு சொன்னார்: “அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரும் வரவில்லை. தொப்பியைக் கழற்றி நின்று கேட்க ஒருவராவது வேண்டாமா? எங்கள் தீவுக்கு அப்படி யாரும் வந்து நிற்கவில்லை.”

சேற்றுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவர் பூநாரை பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை மர்டோவைப் பொன்னேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சென்னைக் கனவை மனதுக்குள் தலை முழுகியாயிற்று. ஃபைபர் போட்டுக்கு என்ன நிறம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். நைனா சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினார்.

“இவ்ளோ வருசம் படிச்சும், டச்சுக்காரன் யாரு, இல்லாதவன் யாருன்னு தெரில. படிச்சது பத்தல. மெட்ராஸ் போ. மீதியப் படிச்சிகினு வா.”

அப்படித்தான் நான் எம்.ஏ. படித்தேன். இன்று கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். குப்பத்தில் என் பெயர் டச்சு வசந்தா. வெள்ளைக்காரர் யாராவது வந்தால் கோவிந்தண்ணன் உடனே போன் போடுவார். “டச்சு ஒண்ணு வந்துகிது. மன்னிப்பு வாங்கிகினு போ.”

நைனா இப்போது இல்லை. கூடவே வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பி, முதல் தடவை வீட்டுக்குக் கூட்டிப் போனது நினைவுக்கு வருகிறது. சாதி கேட்பாரோ, சம்பளம் கேட்பாரோ என்று வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டே போனேன். நைனா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

“எந்த ஊருன்னு கேட்டியா?”