ஜப்பானுக்குப் போகலாம், ஜூஜூவாடியைத் தாண்டக் கூடாது

சட்டத்தை இவ்வளவு காதலித்த மனிதர் இந்த உபகண்டத்திலேயே வேறு கிடையாது. தாலி கட்டுமுன், ‘பெண்ணின் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா?’ என்று கேட்டவர் என்பார்கள். நான் நம்புகிறேன்.

அறுபதுகளின் கடைசி. ஓசூர் அருகே எங்கள் தானிய ஆராய்ச்சிப் பண்ணையில் அவர் சூப்பிரண்டு. நான் அவருக்குக் கீழே குமாஸ்தா. எந்தக் கோப்பு போனாலும் சிவப்புப் பென்சிலால் ‘தடை உண்டு’ என்று எழுதுவார். அதனால் பெயரே ‘தடை சார்’ ஆகிவிட்டது. கிணற்றில் தவளை செத்து மிதக்கிறது, எடுக்கலாமா என்றாலும் தடைதான்.

“தவளை எந்த டிபார்ட்மென்ட்டுச் சொத்து? முதல்ல அதச் சொல்லு!”

அப்போது ஒரு ஜப்பான் விஞ்ஞானி எங்களோடு கூட்டு ஆராய்ச்சி செய்துவந்தார். பயிரை அழிக்கும் குலைநோயைத் தாங்கும் ராகி. ஒரு பை விதை அவர் கையோடு போக வேண்டும். அந்தப் பருவத்திலேயே அங்கே விதைக்காவிட்டால் திட்டம் ரத்து. பண்ணை டைரக்டரின் பல வருட உழைப்பு அம்போ! விதையை வெளிநாடு அனுப்ப டில்லி அனுமதியும் வந்தாயிற்று. அன்று மாலை பெங்களூரில் விமானம். பண்ணையே துள்ளியது.

ஜீப் உறுமியபோது தடை சார் குறுக்கே வந்து நின்றார்.

“ஜப்பானுக்குப் பர்மிஷன் இருக்கு சார். பெங்களூருக்கு எங்க இருக்கு?”

தானியக் கட்டுப்பாட்டுக் காலம் அது. ராகி மாநில எல்லையைத் தாண்டக் கலெக்டர் பர்மிட் வேண்டும். அதாவது விதை ஜப்பானுக்குப் போகலாம். ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டக் கூடாது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதுதான் எரிச்சல்.

டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். “கலெக்டர் தர்மபுரியில இருக்காருய்யா! போய் வர்றதுக்குள்ள பிளேன் பறந்துடும்!”

“சீட்டுக்கு அடியில வெச்சுட்டுப் போயிடலாமே சார்?” என்றேன்.

“கடத்தலா?” தடை சார் அலறினார். “ஒருக்கா திருட்டுத்தனமாப் போனா, அப்புறம் எவன்யா நம்ம விதைய நம்புவான்?”

ஜப்பான்காரர் கைக்கடிகாரத்தையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

திடீரென்று தடை சார் ஸ்டோரை நோக்கி ஓடினார். அவர் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. விதைக்குப் பூசும் மருந்துத் தூளோடு திரும்பினார்.

“சார், இதக் கலந்தா ஆராய்ச்சி கெட்டுப்போகுமா?” என்று டைரக்டரைக் கேட்டார்.

“கெடாது. அங்க போனதும் அவங்களே கலக்கத்தான் போறாங்க.”

“தின்ன முடியுமா?”

“தின்னா ஆள் காலி!”

“அப்ப இது உணவு தானியமே இல்ல. கட்டுப்பாடும் இல்ல. கலக்குங்கய்யா!”

ராகி செக்கச்செவேலென்று ஆனது. மேற்பார்வை இல்லாமல் அனுப்ப மனம் வராமல் அவரும் ஜீப்பில் ஏறிக்கொண்டார். என்னையும் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

செக்போஸ்ட் கான்ஸ்டபிள் பையைப் பிரித்தார். “ஏமி சார் இதி? ராகிதானே?”

“ராகிதான். தின்ற ராகி இல்ல. சந்தேகமா இருந்தா ஒரு வாய் போட்டுப் பாருங்க. ஆனா அதுக்கு நான் பொறுப்பில்ல, முன்கூட்டியே சொல்லிட்டேன்!”

கான்ஸ்டபிள் மோந்து பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, விதிப்புத்தகத்தில் தடை சார் காட்டிய பக்கத்தையும் படித்தார். சாலைத் தடுப்புக் கட்டை உயர்ந்தது. டிரைவர் போட்ட கூச்சலில் ஜப்பான்காரரும் சேர்ந்துகொண்டார்.

பெங்களூரில் விமானம் கிளம்பியது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “நல்லா முளைக்கணும்டா சாமி” என்று தடை சார் முணுமுணுத்தார். கண் கலங்கியிருந்தது. கேட்டால் மருந்துத் தூள் என்று சொல்லியிருப்பார்.

விமானம் புள்ளியாகி மறைந்த பிறகும் அவர் நகரவில்லை. நானும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.