மேகத்துக்குத் தூசி வேண்டுமாம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் மகளும் நலம். உங்கள் கம்ப்யூட்டரும் மேலுக்கு நலமே. போனில் சொன்னால் நீங்கள் கத்துவது எனக்குக் கேட்கும். அதனால் நாளைக் காலை ரயிலில் உங்களிடம் வரும் மகளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் சின்னது. நீங்கள் மாநாட்டுக்குக் கிளம்பும்போது பின்னறையில் அந்தப் பழுப்புக் குள்ளனின் மேகக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நட்சத்திரமும் இல்லாத, கோளும் இல்லாத அந்த இரண்டுங்கெட்டானின் வானத்தில் மணலே ஆவியாகி மேகமாகிறது, வெள்ளிக்கிழமை அதை நிரூபித்தால்தான் உங்கள் வேலை நிரந்தரம் என்று சொன்னீர்களே, அதை நான் மறக்கவில்லை. மறக்காததால்தான் உள்ளே போனேன். போனால், எங்கே பார்த்தாலும் தூசி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் பாய்லர் பார்த்தவன் நான், என் கை சும்மா இருக்குமா? துணியை நனைத்துத் துடைத்தேன். ‘தொடாதீர்கள்’ என்று நீங்கள் ஒட்டிய சீட்டிலும் தூசி, ஆகவே அதையும் பிய்த்தெடுத்துத் துடைத்தேன். விசைப்பலகையைத் துடைக்கும்போது ஒன்பது நாளாக ஓடிய கணக்கு சட்டென்று நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கட்டுமா என்று என்னைப் பார்த்துக் கேட்டது. மரியாதையாகக் கேட்டது, நானும் சரி என்றேன். திரையில் ஒரு கட்டத்துக்குள் ‘தூசித் துகள் எவ்வளவு?’ என்று இருந்தது. நீங்கள் என்னவோ பெரிய எண் போட்டிருந்தீர்கள். நீராவியில் தூசி கலந்தால் துணியெல்லாம் கறையாகும் என்று எனக்கா தெரியாது? பூஜ்யம் போட்டேன்.

மூன்றே மணி நேரத்தில் கணக்கு முடிந்துவிட்டது. வானம் துடைத்த கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. மாப்பிள்ளை மெச்சுவார் என்று மார்தட்டிக்கொண்டு மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா, ஆவி ஒட்டிக்கிறதுக்கு ஒரு துகளாவது வேணாமா? தூசியே இல்லேன்னா மேகம் எதைப் பிடிச்சுக்கிட்டு உருவாகும்?”

“குளியலறையில உருவாகுதே!”

“அங்கேயும் கண்ணாடியிலதானே ஒட்டுது!”

போய்ப் பார்த்தேன். கண்ணாடியில்தான் ஒட்டியிருந்தது. முப்பத்தொரு வருஷம் ஆவியோடு குடித்தனம் நடத்தியும் இது எனக்குத் தெரியவில்லை. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது, மாப்பிள்ளை. இதை வாய்விட்டே சொல்கிறேன். ஆனால் தவறு செய்தவனே திருத்திவிட்டேன். அந்தப் பாழாய்ப்போன பூஜ்யக் கணக்கை அடியோடு அழித்துவிட்டு, உங்கள் பழைய எண்ணையே போட்டு ஓட விட்டிருக்கிறேன். பதினொரு நாளில் முடியுமாம். வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருக்கிறது என்பது தெரியும். கொஞ்சம் இழுத்துப் பேசுங்கள்.

உங்கள் வேலை நிலைக்க வேண்டும், குரல் கம்மாமல் இருக்க வேண்டும் என்ற ஆசியுடன்,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் பேராசிரியர் போன் செய்தார். தொலைநோக்கியில் எடுத்த புதுப் படம் வந்திருக்கிறதாம். குள்ளனின் வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லையாம். “மேகமில்லாத கணக்கு யாராவது போட்டு வெச்சிருக்கீங்களா? அது இருந்தா வெள்ளிக்கிழமை ஜமாய்ச்சிடலாம்” என்றார். போட்டதும் நான்தான், அழித்ததும் நான்தான் என்று சொன்னேன். நீங்கள் கவலைப்படாதீர்கள், மாப்பிள்ளை. மூன்று மணி நேர வேலைதான். பூஜ்யம் போட எனக்குத் தெரியும்.