ஹார்ட் டிஸ்க்குக்கு நாடி பார்ப்பவர்

பெட்டியைக் கழற்றிப் பார்ப்பவர் என்று ஓர் இனம் இருக்கிறது. தேடிப் போக வேண்டாம், உங்கள் சொந்தக்காரர்களிலேயே ஒருவர் இருப்பார். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைக்கும் இடத்தில் இவர் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பார். படித்தது வேறு, பிழைப்பு வேறு. ஆனால் எந்த ஊரிலாவது ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று காதில் விழுந்தால் போதும், பஸ் ஏறிவிடுவார். கூப்பிட்டார்களா என்கிறீர்களா? அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

நான் சொல்லும் அந்தோணிசாமிக்குச் சிதம்பரத்தில் உரக்கடை. அவருடைய கொழுந்தியாள் வியாகுலமேரி, தேவனாம்பட்டினத்தில் வீட்டிலேயே தமிழ் டைப்பிங் செய்து கொடுப்பவர். பதினைந்து வருஷத்துக் கம்ப்யூட்டர். அவர் கை பழகிய பழைய எழுத்துருக்கள் அதில்தான் ஓடும் என்பதால் மாற்றவில்லை. மாதா கோயில் திருவிழா மலர், தொண்ணூற்றாறு பக்கமும், அதற்குள்தான் இருந்தது. வேறெங்கும் இல்லை. மறுநாள் காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அன்றைக்கென்று பார்த்துத் திரை கறுப்பாகி, ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. மூன்று மாத உழைப்பு. மேரி அக்காவுக்குப் போன் போட்டு அழுதார். செய்த தப்பு அதுதான். அக்கா வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

வந்தார். செருப்பைக் கழற்றும் முன்பே பெட்டியின் மூடியைக் கழற்றினார்.

"புயல்னு சொன்னாங்கள்ல மாமா, தண்ணி வந்துடும்னு நேத்து பொட்டிய பீரோ மேல தூக்கி வச்சோம். காலையில எறக்கினப்ப..."

"இரு மேரி. மொதல்ல ரேம பாப்போம்."

இந்த இனத்தின் முதல் அடையாளம் இது. நோயாளியின் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்காது. ரேமை உருவி, மேரியின் மகளுடைய அழி ரப்பரை வாங்கித் தேய்தேய் என்று தேய்த்து, ஊதி, ஊதிய தூசி தன் கண்ணிலேயே விழுந்ததும் தண்ணீர் கேட்டுக் கழுவி, காசளவு பேட்டரியைக் கழற்றி நாக்கில் வைத்துப் பார்த்து, "இங்க உப்புக் காத்து ஜாஸ்தி" என்று வங்காள விரிகுடாவைக் குற்றம் சொல்லி, எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, ஸ்விட்சைப் போட்டு, மறுபடியும் அதே ஆங்கில வரி வந்ததும் பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டி, கடைசியில் ஹார்ட் டிஸ்க்கின் மேல் காதை வைத்தார். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"சத்தமே இல்ல. போயிடுச்சு."

"மாமா, எறக்கினப்ப உள்ள ஏதோ ஆடுச்சு..."

"நான் எத்தன பொட்டி பாத்திருப்பேன் மேரி."

எத்தனை? அவர் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஸ்க்ரூ இருக்கிறது. எல்லாம் பழுது பார்த்த பிறகு மிச்சமானவை. கணக்கு அங்கே கிடைக்கும்.

ஆனால் கைவிடுபவரா அவர்? ஸ்விட்சை அணைத்து, ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்து, பாலிதீன் பையில் சுற்றினார். நேராகச் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். ஃப்ரீஸரில் இறாலும் சங்கரா மீனும் இருந்தன. இறாலைக் கொஞ்சம் தள்ளி இடம் செய்தார்.

"குளுர்ல வச்சா உயிர் வரும். வீடியோவுல பாத்தேன்."

அதுவரை வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்த மேரி, ஃப்ரிட்ஜுக்கு முன்னால் வந்து நின்றார்.

"குடுங்க மாமா."

"விஷயம் தெரியாம பேசாத."

"டிஸ்க்க எடுத்தப்ப நீங்க அதோட ஒயர இழுக்கவே இல்ல. தானா கையோட வந்துச்சு. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். குடுங்க."

அந்தோணிசாமி கொடுத்தார். அதிர்ச்சிதான் காரணம் என்று நினைக்கிறேன். மேரி டிஸ்க்கை அதன் இடத்தில் வைத்து, தளர்ந்து கிடந்த ஒயரை இனி போகாது என்னும் வரை அழுத்தி மாட்டி, ஸ்விட்சைப் போட்டார். உள்ளே விர்ரென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் பங்குச்சாமியாரின் ஆசியுரையோடு மலரின் முதல் பக்கம் வந்தது. மேரி முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"ரப்பர் போட்டேன்ல," என்றார் அந்தோணிசாமி, "அது புடிக்கக் கொஞ்ச நேரம் ஆவும்." மேஜையில் மிச்சமிருந்த ஒரு ஸ்க்ரூவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்க உட்கார்ந்தார்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் அந்த இனம் இல்லை. சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன். திரை கறுப்பானது என்று நான் சொன்ன இடத்திலேயே, "ஒயராத்தான் இருக்கும்" என்றோ "பேட்டரியைப் பார்த்தார்களா" என்றோ உங்கள் வாய் முணுமுணுத்ததல்லவா? அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து உங்கள் வீட்டில் ஒருவர் ஏதோ சொன்னார். நீங்களும் "இரு, இரு" என்றீர்கள்.

அவர் என்ன சொன்னார்?