வேண்டாத பம்ப்ளிமாஸ்

“ஒரே ஒரு சுளைண்ணே. நம்ம மரத்துக் காய்!”

தங்கை ஷர்லி பம்ப்ளிமாஸ் தட்டை நீட்டியதும் சவரியப்பன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அவர் சாப்பிடும் மாத்திரைக்கும் அந்தப் பழத்துக்கும் ஆகாது, தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரை சாப்பிடுவதே இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் கட்டுமாவடியிலிருந்து முதல் பஸ் பிடித்து, இரண்டு கிலோ கொடுவா மீனோடு மணமேல்குடிக்கு வந்திருந்தார்.

விஷயம் இதுதான். சவரியப்பனுக்கு புராஸ்டேட்டில் புற்றுநோய். அப்பா வழியாக வந்த ஜீன் கோளாறாம். அந்தக் கோளாறைக் குறிவைத்தே ஒரு மாத்திரை இருக்கிறது. காலை எட்டு மணி, இரவு எட்டு மணி, தவறக் கூடாது. ஒரு வருஷமாகச் சாப்பிடுகிறார், நோயும் அடங்கிக் கிடக்கிறது. ஆனால் டாக்டர் விடவில்லை. “உங்க தங்கச்சிக்கும் இருக்கலாம். உடனே டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க” என்று மூன்று முறை சொல்லிவிட்டார்.

அப்பா விட்டுப்போனது கொஞ்சம் நிலமும் இந்த ஜீனும்தான். நிலத்தில் தங்கைக்குப் பாதி எழுதிக் கொடுத்தபோது பெருமையாக இருந்தது. இதிலும் உனக்குப் பங்கு உண்டு என்று எந்த வாயால் சொல்வது? மீன் ஏலத்தில் நூறு பேர் இரைச்சலுக்கு மேல் கத்துகிற மனிதருக்கு இங்கே குரலே எழும்பவில்லை. “சொல்லாம வந்தீங்கன்னா கதவு தொறக்க மாட்டேன்” என்று மனைவி வேறு மிரட்டி அனுப்பியிருந்தாள்.

“பல்லு கூசுது ஆத்தா” என்றார்.

அவ்வளவுதான். ஷர்லியின் கணவர் ஜெபக்குமார் கிராம்பு எண்ணெயோடு வந்துவிட்டார். “வாயத் தொறங்க மச்சான்!” பஞ்சை நனைத்து, நன்றாக இருந்த பல்லில் வைத்து அழுத்தினார். சவரியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

“பல்லு இல்ல மாப்ள, வயிறுதான் சரியில்ல!”

“மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று ஷர்லி அடுப்படிக்குப் போய், சுக்கும் ஓமமும் தட்டிப்போட்டு ஒரு செம்பு கஷாயத்தோடு வந்தாள். டாக்டரைக் கேட்காமல் கஷாயம் குடிக்கக் கூடாது. சவரியப்பன் கொல்லைப்பக்கம் நடப்பது போலப் போய் அதை மல்லிகைத் தொட்டியில் ஊற்றினார். நிமிர்ந்தால், தாலுகா ஆபீசுக்குக் கிளம்பி நின்ற தங்கை மகள் அன்புமொழி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செடிக்கும் வயிறு சரியில்லையா மாமா?”

“சூடா இருந்துச்சு” என்று அசடு வழிந்தார். மணி ஏழே முக்கால். எட்டுக்கு அலாரம் கத்தினால் குட்டு உடைந்துவிடும். போனை எடுத்து அவளிடம் நீட்டினார். “இத அணைச்சு உள்ள வச்சிரு ஆத்தா. சும்மா சும்மா கூப்பிடுறானுங்க.”

திரும்பி வந்து உட்கார்ந்தால், தட்டு அதே இடத்தில் காத்திருந்தது.

“நீ சாப்பிட வேண்டியதுதான?” என்றார் எரிச்சலோடு.

“இங்க யாரும் தொடுறதில்லண்ணே. மரத்திலயே காஞ்சு போகுது.”

“எனக்குச் சுகர் இருக்கு, விடு.”

ஜெபக்குமார் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தபடி சுகர் பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்தார். விரலில் ஒரு குத்து. தொண்ணூற்றாறு.

“கல்யாண மாப்ளைக்குக்கூட இவ்வளவு சுத்தமா இருக்காது மச்சான்!”

ஷர்லி இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். போன வருஷம் வேளாங்கண்ணியில் மொட்டை போட்ட முடி இப்போதுதான் காது வரை வளர்ந்திருந்தது. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நேர்ந்துகொண்டாளே என்று அண்ணனுக்கு அதில் இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல்.

“பல்லுங்கிற, வயிறுங்கிற, சுகருங்கிற. என்னண்ணே மறைக்கிற? நிலத்த விக்கப் போறியா?”

“சீச்சீ!”

“அப்ப அண்ணிகூடச் சண்டையா?”

அவர் வாயைத் திறக்கும்போது உள்ளறையில் அலாரம் அலறியது. கிணிங், கிணிங், கிணிங். மணி எட்டு.

சவரியப்பன் மாத்திரை இருந்த சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார். ‘அணைக்கச் சொன்னேனே, படுபாவி மகளே!’ இனி மறைத்துப் பயனில்லை.

“ஆமா, எனக்குத்தான் அடிக்குது!” என்று ஏலக்குரலில் கத்தினார். “புற்றுநோய்! ஒரு வருஷமா மாத்திரை தின்னுக்கிட்டு இருக்கேன். அந்தப் பழத்த நான் தொடக் கூடாது. அப்பா ரத்தத்தில வந்ததாம், ஒனக்கும் இருக்கலாமாம். டெஸ்ட் எடுத்துரு ஷர்லி. ஒனக்கு ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேன்.”

சொல்லிவிட்டுத் துண்டில் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். விரல் சந்தில் எட்டிப் பார்த்தார். ஷர்லி கணவரைப் பார்த்தாள். கணவர் பம்ப்ளிமாஸைப் பார்த்தார்.

அலாரத்தை நிறுத்திவிட்டு அன்புமொழி செம்புத் தண்ணீரோடு வெளியே வந்தாள். இன்னொரு கையில், அவர் சட்டைப்பையில் இருப்பது போலவே ஒரு மாத்திரை அட்டை.

“ஒங்க போன் அணைஞ்சுதான் கெடக்கு மாமா, இப்ப அடிச்சது அம்மாவோடது. வாங்க, ரெண்டு பேரும் சேந்தே முழுங்கிருங்க.”